நாக்கு உனக்கு, எண்ணெய் எனக்கு! - திமிங்கலத்தோடு ஒப்பந்தம் போட்ட ஆஸ்திரேலியக் கடற்கரை ஊர்

அக்டோபர் மாதத்துக் காலை. கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மேட்டுப் பூங்கா. கழுத்தில் பைனாகுலர், கையில் ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி சகிதம் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப்பேர் தாத்தா பாட்டிகள். பேச்சு அதிகம் இல்லை. எல்லோர் கண்ணும் தண்ணீர் மேல்.

திடீரென்று தூரத்தில் புகை மாதிரி வெள்ளையாக ஏதோ எழும்பிக் கலைகிறது. 'அதோ!' என்று யாரோ கை நீட்டுகிறார்கள். அத்தனை பைனாகுலரும் ஒரே பக்கம் திரும்புகிறது. திமிங்கலம் மூச்சு விடுகிறது!

ஆஸ்திரேலியாவின் ஈடன் என்ற சிற்றூரில் வசந்த காலம் இப்படித்தான் போகும். ஊரின் மொத்த மக்கள்தொகையே சுமார் 3,000தான்.

இதே ஊரில் 150 வருடங்களுக்கு முன்பும், கடற்கரை மேடுகளில் ஆட்கள் இப்படித்தான் காத்திருந்தார்கள். இப்படித்தான் கை நீட்டினார்கள். ஒரே வித்தியாசம், அன்றைக்குக் கை நீட்டியதும் ஈட்டியை எடுத்துக்கொண்டு படகுக்கு ஓடினார்கள். இன்றைக்கு மொபைலை எடுக்கிறார்கள்.

ஈட்டியிலிருந்து மொபைலுக்கு வந்த அந்தப் பயணம்தான் இந்த ஊரின் கதை. நடுவில் ஓர்கா வருகிறது, பழங்குடிகள் வருகிறார்கள், மூடிப்போன தொழிற்சாலை வருகிறது, காட்டுத் தீயும் வருகிறது.

பெயரில் ஒரு கொல்கத்தா கனெக்‌ஷன்!

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்கோடியில், சிட்னியிலிருந்து காரில் போனால் 480 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஈடன். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் விக்டோரியா மாநில எல்லை வந்துவிடும். டூஃபோல்டு பே என்கிற ஆழமான இயற்கை வளைகுடாதான் ஊரின் சொத்து. 1797-ல் ஒரு சின்னத் துடுப்புப் படகில் இந்தக் கரையோரத்தை ஆராய வந்த ஜார்ஜ் பாஸ், இந்த வளைகுடாவைப் பற்றி எழுதி வைத்தார். ஆனால், அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே யுவின் பழங்குடி மக்களின் ஒரு பிரிவான தாவா மக்கள் இங்கே வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

'ஈடன்' என்றதும் பைபிளில் வரும் ஏதேன் தோட்டம் ஞாபகத்துக்கு வரலாம். இந்த ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1840-களில் இங்கே ஊர் அமைக்க நிலம் அளந்தபோது, ஆக்லாந்து பிரபுவான ஜார்ஜ் ஈடனின் குடும்பப் பெயரை வைத்தார்கள். யார் இந்த ஜார்ஜ் ஈடன்? 1836 முதல் 1842 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். இவருடைய சகோதரிகளின் பெயரில்தான் கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் இருக்கிறது. ஆக, ஐ.பி.எல் பார்க்கும்போது நாம் சொல்லும் ஈடனும், திமிங்கலம் பார்க்கும் இந்த ஈடனும் ஒரே குடும்பத்துப் பெயர்!

ஐந்தரை மணிக்குக் கடை மூடும் ஊர்

ஆஸ்திரேலியா பூமியின் தென்பாதியில் இருப்பதால் பருவங்கள் நமக்குத் தலைகீழ். மார்கழிக் குளிரில் நாம் கம்பளிக்குள் சுருண்டிருக்கும்போது அங்கே கொளுத்தும் கோடை. கிறிஸ்துமஸையொட்டி பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை விட்டால், ஜனவரி கடைசி வரை கடற்கரை ஊர்களுக்குக் கொண்டாட்டம்தான். கார்களுக்குப் பின்னால் கேரவன் வண்டியைக் கோத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். கேரவன் பார்க்கில் போன வருஷம் பக்கத்து இடத்தில் தங்கியவர்களே இந்த வருஷமும் வந்து தங்குவது சகஜம். குழந்தைகள் அங்கே சேர்ந்து வளர்வார்கள்.

விடுமுறை முடிந்தால் ஊர் பழையபடி அமைதியாகிவிடும். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் நடை. ஆஸ்லிங்ஸ் பீச்சின் ஓரத்தில் பாறைகளுக்கு நடுவே ஒரு கடல்நீர்க் குளம் இருக்கிறது. அலை உள்ளே வந்து போகும். ஆனால், யாரையும் இழுத்துக்கொண்டு போகாது. குழந்தைகளும் வயதானவர்களும் பயமில்லாமல் நீந்தலாம். சாயங்காலம் ஐந்து, ஐந்தரை ஆனால் பெரும்பாலான கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். அப்புறம் துறைமுக மேடையில் தூண்டில் போடுபவர்கள், காகிதத்தில் சுற்றிய மீன் வறுவலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் சாப்பிடுபவர்கள், அதைப் பிடுங்க நேரம் பார்க்கும் கடற்புறாக்கள்.

தூண்டில் போடுவதிலும் ஒழுங்கு உண்டு. இந்த மாநிலத்தில் பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கவும் பெரியவர்கள் கட்டணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கலாம் என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. தூண்டில்காரர்களின் பெட்டியில் புழு இருக்கிறதோ இல்லையோ, அளவுகோல் இருக்கும். அளவு குறைந்தால் மீன் திரும்பவும் கடலுக்கே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப். 'கிளப்' என்றதும் டிஸ்கோவைக் கற்பனை பண்ண வேண்டாம். ஆஸ்திரேலியச் சிற்றூர்களில் கிளப் என்பது தாத்தா முதல் பேத்தி வரை சேர்ந்து சாப்பிடும் இடம். வெளியே பச்சைப் புல்தரையில் பெரியவர்கள் லான் பௌல்ஸ் விளையாடுவார்கள். உள்ளே குலுக்கல் நடக்கும். பரிசு என்ன தெரியுமா? ஒரு தட்டு நிறைய இறைச்சி! டிக்கெட் வசூலில் வரும் பணம், பெரும்பாலும் உள்ளூர் விளையாட்டுக் குழுவுக்கோ ஏதாவது நல்ல காரியத்துக்கோ போகும்.

கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால், இந்த நிதானமான வாழ்க்கைக்குக் கீழே ரத்தம் படிந்த ஒரு நூற்றாண்டு இருக்கிறது.

ஓர்கா கூப்பிட்டது, மனிதன் போனான்

1828-ல் தாமஸ் ரெய்ன் என்பவர் இந்த வளைகுடாவின் கரையில் திமிங்கல வேட்டையை ஆரம்பித்தார். அப்போது மின்சாரம் கிடையாது, பெட்ரோலியமும் புழக்கத்துக்கு வரவில்லை. விளக்கு எரிய, இயந்திரம் ஓட திமிங்கலக் கொழுப்பிலிருந்து காய்ச்சிய எண்ணெய்தான் வேண்டும். சில வகைத் திமிங்கலங்களின் வாயில் பல்லுக்குப் பதிலாகச் சீப்பு மாதிரி தொங்கும் தகடுகளுக்கும் நல்ல விலை. ஐரோப்பியப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடைக்கு அந்தத் தகடுதான் கம்பி.

1840-களில் பென் பாய்ட் என்ற பணக்காரர் வந்தார். தன் பெயரிலேயே 'பாய்ட்டவுன்' என்று ஒரு நகரத்தைக் கட்ட ஆரம்பித்தார். கலங்கரை விளக்கத்துக்காக ஒரு கோபுரம் எழுப்பினார். அதில் விளக்கு எரிய அரசு அனுமதி தரவில்லை. கடைசியில் திமிங்கலம் வருகிறதா என்று பார்க்கும் காவல் மேடையாகத்தான் அது பயன்பட்டது. சில வருடங்களிலேயே பாய்ட்டின் சாம்ராஜ்யம் சரிந்தது. அந்தக் கோபுரம் மட்டும் உச்சியில் அவர் பெயரைச் சுமந்துகொண்டு இன்றும் நிற்கிறது.

பாய்ட்டின் திமிங்கல வேட்டையைக் கவனித்துக்கொண்டவர் ஆஸ்வால்டு பிரையர்லி என்ற ஓவியர். இங்கே நடந்த ஒரு விநோதத்தை அவர் அப்போதே குறித்து வைத்தார். ஓர்கா எனப்படும் கொலையாளித் திமிங்கலங்கள், மனிதர்களோடு சேர்ந்து வேட்டையாடுகின்றன என்பதுதான் அது!

1860-களில் தொழிலில் இறங்கிய டேவிட்சன் குடும்பம், மூன்று தலைமுறையாக இந்தக் கூட்டணியோடு வாழ்ந்தது. வேலை நடந்த விதம் இதுதான்:

குளிர்காலத்தில் பெரிய திமிங்கலங்கள் இந்தக் கரையோரமாகக் கடந்து போகும். ஓர்காக் கூட்டம் வளைகுடாவின் வாயில் காத்திருந்து, ஒரு பெரிய திமிங்கலத்தைச் சுற்றி வளைத்து உள்ளே விரட்டும். அதே நேரம் கூட்டத்திலிருந்து ஒரு ஓர்கா தனியாகப் பிரிந்து, டேவிட்சன் குடும்பம் வசித்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு வரும். வாலால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடிக்கும். 'வா, வேலை இருக்கிறது' என்று அர்த்தம்! நள்ளிரவானாலும் ஆட்கள் எழுந்து படகை எடுப்பார்கள். ஓர்கா முன்னால் வழிகாட்டிப் போகும்.

ஈட்டி பாய்ந்து திமிங்கலம் இறந்ததும், அதை உடனே கரைக்கு இழுத்து வர மாட்டார்கள். ஒரு மிதவையைக் கட்டிக் கடலிலேயே ஓரிரு நாள் விட்டுவிடுவார்கள். அதன் நாக்கும் உதடும் ஓர்காக்களுக்கு. கொழுப்பும் தகடும் மனிதர்களுக்கு. இதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர், 'நாக்குச் சட்டம்'. எழுத்தில் இல்லாத சட்டம். இரண்டு பக்கமும் பல பத்தாண்டுகள் அதைக் காப்பாற்றின.

இந்த உறவுக்கு வேர் தாவா மக்கள்தான். இறந்துபோன தங்கள் ஆட்களே ஓர்காவாகத் திரும்பி வருகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் சில ஓர்காக்களுக்கு மறைந்த உறவினர்களின் பெயரையே வைத்தார்கள். ஓர்காவுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். டேவிட்சன் குடும்பத்தின் படகுகளில் துடுப்புப் போட்டவர்களில் பலரும் இந்த மக்கள்தான். பழங்குடிகளை மனிதராகவே மதிக்காத அந்தக் காலத்தில், டேவிட்சன் அவர்களுக்கு வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சமமான பங்கைக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது.

பழைய டாமின் தேய்ந்த பல்

ஓர்காக்களில் ரொம்பப் பிரபலமானது 'ஓல்டு டாம்'. 6.7 மீட்டர் நீளம். ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து வாலடித்துக் கூப்பிடும் வேலை பெரும்பாலும் டாமுடையதுதான். சில நேரம் படகின் கயிற்றைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டே போகுமாம்.

இனி ஊரில் சொல்லப்படும் ஒரு கதை. 1920-களில் ஒரு நாள், ஜார்ஜ் டேவிட்சனோடு ஜான் லோகன் என்ற நண்பரும் படகில் இருந்தார். டாம் ஒரு சின்னத் திமிங்கலத்தை விரட்டிக்கொண்டு வந்தது. அதைக் கொன்றார்கள். அதற்குள் கடலில் திமிங்கலங்களே அரிதாகிவிட்டிருந்தன. புயல் வேறு வரும்போல் இருந்தது. வழக்கம்போல கடலில் விட்டு வைத்தால் கிடைத்ததும் போய்விடுமோ என்று லோகனுக்குப் பயம். உடனே கரைக்கு இழுக்கச் சொன்னார். டாம் விடவில்லை. கயிற்றைக் கவ்வியது. இழுபறியில் அதன் பற்கள் பிடுங்கிக்கொண்டன. அந்தக் காயம் சீழ் பிடித்து, இரை தின்ன முடியாமல் டாம் நலிந்தது என்பது ஊர்க்காரர்கள் சொல்வது.

1930 செப்டம்பர் 17 அன்று டாமின் உடல் வளைகுடாவில் மிதந்தது. அத்தோடு ஈடனில் திமிங்கல வேட்டையும் முடிவுக்கு வந்தது. டாமின் எலும்புக்கூட்டைப் பாதுகாப்பதற்காகவே 1931-ல் ஒரு மியூசியம் உருவானது. அதற்கு உதவியவர்களில் முக்கியமானவர் அதே ஜான் லோகன் என்கிறார்கள். ஒரு சட்டத்தை மீறிய குற்ற உணர்ச்சி அவரைக் கடைசி வரை விடவில்லை போலும்.

இன்று ஈடன் கில்லர் வேல் மியூசியத்துக்குள் போனால் டாம் முழு எலும்புக்கூடாக நிற்கும். குழந்தைகள் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அதன் பற்களைத்தான். பற்கள் தேய்ந்திருக்கின்றன. கயிற்றைக் கவ்விக் கவ்வித் தேய்ந்தது என்பது ஊர்க்கதை. இரை தின்னும் விதத்தாலும் அப்படித் தேயலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

மற்ற ஓர்காக்கள் என்ன ஆயின? ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டாமின் எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் மரபணுவைப் பிரித்தெடுத்து, உலகின் பல பகுதி ஓர்காக்களோடு ஒப்பிட்டார்கள். தாவா மக்களின் வாய்மொழி வரலாற்றையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆய்வு 2023-ல் வெளியானது. நியூஸிலாந்து ஓர்காக்களுக்கும் டாமுக்கும் பழைய பொது மூதாதை உண்டு. ஆனால், டாமின் நெருங்கிய வாரிசு என்று சொல்லும்படி எதுவும் இன்று தென்படவில்லை என்பது முடிவு. மனிதனை வாலடித்துக் கூப்பிட்ட அந்தக் கூட்டம் அநேகமாக அற்றுப்போய்விட்டது.

ஓர்காக்களுக்கும் தாவா மக்களுக்கும் ஒரு மரியாதை தாமதமாகக் கிடைத்தது. ஊருக்கு அருகே உள்ள தேசியப் பூங்கா நெடுங்காலமாக பென் பாய்ட்டின் பெயரில் இருந்தது. பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொத்தடிமைபோலக் கொண்டுவந்தவர் என்ற கறை அவர்மேல் உண்டு. 2022-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'பியோவா' என்று மாற்றினார்கள். தாவா மொழியில் பியோவா என்றால் ஓர்கா!

வேலை போனது, விருந்தாளி வந்தார்

திமிங்கலம் போனபின் ஈடன் மீனையும் மரத்தையும் நம்பியது. டூனா மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அம்மா, மகள், மருமகள் என்று ஒரே வீட்டிலிருந்து வேலைக்குப் போனார்கள். 1999-ல் அது மூடப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் வேலை போனது. 3,000 பேர் உள்ள ஊரில் அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். மரத்தைச் சீவி ஏற்றுமதி செய்யும் ஆலையும் மீன்பிடிப் படகுகளும் இருந்தாலும், இளைஞர்கள் எல்லோருக்கும் அவை போதவில்லை. பள்ளி முடித்ததும் சிட்னி, கான்பெரா, மெல்பர்ன் என்று கிளம்பியவர்களில் பலர் திரும்பவில்லை.

மீதி இருந்தது கடல்தான். அந்தக் கடலில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டிப் போகும் கூன்முதுகுத் திமிங்கலங்கள், 1960-களின் தொடக்கத்தில் வெறும் சில நூறு மட்டுமே மிஞ்சியிருந்தன. 1963-ல் அவற்றை வேட்டையாடத் தடை வந்தது. 1978-ல் மேற்குக் கரையின் ஆல்பனி அருகே இருந்த கடைசி வேட்டை நிலையமும் மூடப்பட, ஆஸ்திரேலியாவில் திமிங்கல வேட்டையே ஒழிந்தது. விட்டுவிட்டதும் அவை பெருகின. இன்று பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. 2022-ல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்தே அவற்றை எடுத்துவிட்டது ஆஸ்திரேலிய அரசு.

அன்டார்டிகா கடலில் கோடையெல்லாம் தின்று கொழுத்து, குளிர் வந்ததும் குட்டி போட குவீன்ஸ்லாந்தின் வெதுவெதுப்பான கடலுக்குப் போகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை குட்டிகளோடு தெற்கே திரும்பும். அந்த நீண்ட பயணத்தில் ஈடன் பக்கம் மீன் கூட்டம் கிடைத்தால் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகும். கரையிலிருந்தே பார்க்கலாம்.

அதனால்தான் ஈடனில் இன்று திமிங்கலச் சீசன் திருவிழாச் சீசன். திமிங்கலம் காட்டும் படகுகள் ஓடுகின்றன. வசந்த காலத்தில் வருடா வருடம் வேல் ஃபெஸ்டிவல் நடக்கிறது. குழந்தைகள் திமிங்கல வேஷம் போட்டு ஊர்வலம் போகிறார்கள். பெரிய சொகுசுக் கப்பல்கள் நேராகக் கரையிலேயே நிற்கும்படி, துறைமுக மேடையை நீட்டி 2019-ல் முடித்தார்கள். ஒரு கப்பல் வந்தால், ஊர் மக்கள்தொகை அளவுக்கு விருந்தாளிகள் ஒரே நாளில் இறங்கிவிடுவார்கள்!

மற்றவர்களின் ஓய்வு நேரம்தான் இப்போது இந்த ஊரின் வேலை நேரம்.

வானம் சிவந்த நாள்

விருந்தாளியை நம்பிய பிழைப்பில் உள்ள ஆபத்து, மேடை கட்டி முடித்த சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது.

2019 கடைசியில் தொடங்கிய காட்டுத் தீயை ஆஸ்திரேலியர்கள் 'கறுப்புக் கோடை' என்கிறார்கள். ஈடன் இருக்கும் பேகா பள்ளத்தாக்கு நிர்வாகப் பகுதியில் மட்டும் பாதிக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது. 400-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. 2020 ஜனவரி முதல் வாரத்தில் தீ தெற்கிலிருந்து ஈடனை நெருங்கியது. பகலிலேயே வானம் ஆரஞ்சும் சிவப்புமாக மாறி, அப்புறம் இருட்டியது. சாம்பல் மழைபோலக் கொட்டியது. 'கிளம்ப முடிந்தவர்கள் கிளம்புங்கள்' என்று அறிவிப்பு வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் துறைமுகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். பின்னால் நெருப்பு, முன்னால் கடல்.

ஊர் தப்பித்தது. தெற்கே கியா போன்ற பகுதிகளில் வீடுகள் சாம்பலாயின. மர ஆலையும் சேதமானது. பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் வருடச் சம்பாத்தியத்தைப் பார்க்க வேண்டிய ஜனவரியில், ஊர் காலியாகக் கிடந்தது. மார்ச்சில் கொரோனா. சொகுசுக் கப்பல்கள் 2022 வரை வரவே இல்லை.

அந்த நாட்களில் ஊரைத் தாங்கியவர்கள் யார் தெரியுமா? சம்பளம் வாங்காத ஆட்கள். இந்த மாநிலத்தின் கிராமப்புறத் தீயணைப்புப் படையில் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். பகலில் பிளம்பர், டீச்சர், மீன் வியாபாரி. சைரன் அடித்தால் தீயணைப்பு வீரர். கடலில் படகு பழுதானால் உதவப் போகும் மரைன் ரெஸ்க்யூ அமைப்பிலும் அப்படித்தான். படகில் போகிறவர்கள் 'எத்தனை பேர் போகிறோம், எப்போது திரும்புவோம்' என்று ரேடியோவில் சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால், யாரோ ஒரு ரிட்டயர்டு தாத்தா தேட ஏற்பாடு செய்துவிடுவார். மியூசியத்தில் டாமின் கதையைச் சொல்பவர்களிலும் தன்னார்வலர்கள் உண்டு.

ரிட்டயர்மென்டுக்காகக் கடற்கரைக்கு வந்து குடியேறியவர்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களின் 'ஓய்வு' இப்படித்தான் கழிகிறது. கடைகள் ஐந்தரைக்கு மூடும் ஊர்தான். ஆனால், யாரும் சும்மா இல்லை.

புதிய சட்டம்: 100 மீட்டர்

நாக்குச் சட்டம் போய்விட்டது. இப்போது வேறொரு சட்டம் இருக்கிறது. இது எழுத்திலேயே இருக்கிறது.

திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள் எந்தப் படகும் போகக் கூடாது. குட்டி கூட இருந்தால் 300 மீட்டர். வீடியோ எடுக்கும் டிரோனும் 100 மீட்டர் தள்ளித்தான் பறக்க வேண்டும். காரணம் எளிது. தாயும் குட்டியும் நெடுந்தூரம் நீந்திக் களைத்து வருகின்றன. குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும், இளைப்பாற வேண்டும். இன்ஜின் சத்தம் அவற்றைப் பதறவைத்துத் திசை திருப்பிவிடும்.

டிக்கெட் வாங்கிய சுற்றுலாப் பயணி, 'இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்களேன்' என்று கேட்கத்தான் செய்வார். அவர் காசில்தான் படகு ஓடுகிறது. ஆனாலும் படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நேரம் திமிங்கலமே ஆவலோடு படகைத் தேடி வரும். அது அதன் இஷ்டம். நாம் துரத்தக் கூடாது, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் பழைய சட்டமும் புதிய சட்டமும் ஒன்றையேதான் சொல்கின்றன: கடலில் கிடைப்பதெல்லாம் உனக்கே சொந்தமில்லை; கொஞ்சம் விட்டு வை. ஒரு நாள் ஆசையில் அதை மீறியபோது என்ன ஆனது என்பதற்குச் சாட்சி, மியூசியத்தில் நிற்கிறது. அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து வளரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஏன் 100 மீட்டர் என்று தனியாக வகுப்பெடுக்கத் தேவையில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்...

மகனோ மகளோ சிட்னியிலோ மெல்பர்னிலோ படிக்கிறார்களா? அவர்களைப் பார்க்கப் போகும்போது ஈடனையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு நகரங்களுக்கும் நடுவே கடலோர நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. சில டிப்ஸ்:

* எப்போது? திமிங்கலம் பார்க்க செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. நீந்திக் குளிக்க டிசம்பர் முதல் மார்ச் வரை. ஜனவரியில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். முன்பே புக் பண்ணிவிடுங்கள்.

* பக்கத்து விமான நிலையம்: மெரிம்புலா. அங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் ஈடன்.

* நடக்கப் பிடிக்குமா? பாய்ட்டின் கோபுரத்திலிருந்து கிரீன் கேப் கலங்கரை விளக்கம் வரை, பியோவா தேசியப் பூங்காவுக்குள் சுமார் 30 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. செம்பாறைகளும் நீலக் கடலுமாக அவ்வளவு அழகு. 1883-ல் ஒளிர ஆரம்பித்த அந்த விளக்கின் காலடியிலேயே 1886-ல் ஒரு கப்பல் மோதி 71 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர் மேரி மெக்கிலப்பின் தாயாரும் அவர்களில் ஒருவர். கல்லறைகள் அருகிலேயே இருக்கின்றன.

* இன்னும் பெரிய நடை: கோஸியஸ்கோ மலையிலிருந்து டூஃபோல்டு பே வரை 365 கிலோமீட்டர் நீளும் 'பண்டியன் வே', பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை. 2013-ல் மாநிலப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள்.

* சாப்பிட: வளைகுடாவிலேயே வளர்க்கப்படும் மஸல் எனும் கறுப்பு ஓட்டுச் சிப்பி இங்கே ஸ்பெஷல். பக்கத்து ஊரான பம்புலாவில் ஆய்ஸ்டர் பிரபலம். சைவர்களுக்குச் சிற்றூர்களில் சாய்ஸ் குறைவு. தங்கும் இடத்தில் சமையலறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

* கவனம்! சிவப்பு - மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் கடலில் இறங்குங்கள். அங்கேதான் உயிர்காப்பாளர்கள் கண்காணிப்பார்கள். அலையடிக்காமல் அமைதியாகத் தெரியும் இடம் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். உள்ளே இழுக்கும் 'ரிப்' நீரோட்டம் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். அவசர எண் 000.

மறுபடியும் அந்த மேட்டுப் பூங்காவுக்கு வருவோம். மதியம் ஆகிவிட்டது. ஃபிளாஸ்க்கில் காபி தீர்ந்துவிட்டது. தாயும் குட்டியுமாக இரண்டு திமிங்கலங்கள் வளைகுடாவின் வாய்ப்பகுதியில் மெதுவாகப் போகின்றன. படகு ஒன்று இன்ஜினை அணைத்துவிட்டுத் தூரத்தில் நிற்கிறது. டாம் வாலடித்துக் கூப்பிட்ட ஆற்று முகத்துவாரம் எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கிருந்து இன்று யாரும் படகோடு கிளம்பவில்லை.

குட்டி ஒரு முறை எகிறிக் குதிக்கிறது. மேட்டில் இருந்தவர்கள் கை தட்டுகிறார்கள்.